சோத்துச்சாமிக்கு ஒரு புகை அடுப்பு

"என் தங்கச்சி பேச மாட்டேங்கா சாமி. ஒரு வருஷமாச்சு. நான் என்ன செய்யணும்?"

ஜெயசீலி இதைக் கேட்டபோது சோத்துச்சாமி பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டார்.

"எனக்குப் புகையில வெந்த கறி தின்னணும்," என்றார்.

தன் கேள்வி அவர் காதில் விழவில்லை என்று நினைத்து, ஜெயசீலி இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டாள்.

"கேட்டுச்சுக்கா. மூடி போட்ட டிரம்முல கரி போட்டு மெதுவா வேகவைப்பாங்க. எங்கேயோ ஒரு தடவை தின்னிருக்கேன். உங்களுக்கு இரும்பு வேலை தெரியும்லா?"

தெரியும். தூத்துக்குடியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட வெல்டிங் சொல்லிக்கொடுத்தவள் அவள். தெருவில் அவளுக்கு வெல்டிங் டீச்சர் என்றுதான் பெயர். தங்கை ரெஜினாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டாள்.

ரெஜினாவின் புருஷன் சேவியர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து ரெஜினா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஜெயசீலி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ரெஜினாவைத் தனியாக உட்காரவைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை, இது துக்கம், ஆறுவதற்கு இடம் கொடுங்கள் என்றார். ஜெயசீலி அந்த டாக்டரை மாற்றினாள். அடுத்தவரும் அதையேதான் சொன்னார்.

அப்படித்தான் சோத்துச்சாமியிடம் வந்து சேர்ந்தாள்.

ஊருக்குத் தெற்கே, கடற்கரையில், மூடிப்போன ஐஸ் பேக்டரி ஒன்று இருந்தது. சாமி அதில் குடியிருந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல தாட்டியான உடம்பு. யார் என்ன கொண்டுவந்து கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார், அதனால் அந்தப் பெயர். கோயில் கொடை விழாவுக்கும் போவார், மாதா கோயில் அசன விருந்துக்கும் போவார், இரண்டு இடத்திலும் முதல் பந்தியில் இருப்பார். உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. ஆனால் அவரிடம் போனவர்கள் போனபோது இருந்ததைவிட லேசாகத் திரும்பி வந்தார்கள்.

ஜெயசீலி லேசாகத் திரும்பவில்லை. கோபமாகத் திரும்பினாள். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவன், துக்கத்தைச் சொல்லப் போனால் கறி கேட்கிறான்.

வீட்டுக்கு வந்தால் அந்த மூடிய கதவு. அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே அசைவு கேட்கிறதா என்று காது கொடுத்தபடி இருந்தாள். இரண்டு நாள் இருந்தாள்.

மூன்றாம் நாள் பழைய இரும்புக் கடைக்குப் போனாள்.

*

எண்ணெய் டிரம் ஒன்று கிடைத்தது. எண்ணெய் வாடை போகாத டிரம்மில் பொறி பட்டால் வெடிக்கும். அதனால் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு மேல்தட்டை உளியால் வெட்டி எடுத்தாள். வெட்டியதற்குக் கைப்பிடி வைத்து மூடியாக்கினாள். அடியில் கரி போட ஒரு கம்பிக்கூடை. சாம்பல் கீழே விழ வேண்டும் என்று கூடைக்குக் கால் வைத்தாள். நடுவில் கறி வைக்க ஒரு கம்பித் தட்டு. சுற்றிலும் காற்றுக்கு ஓட்டைகள், தாராளமாக.

கறி வைக்கும் முன் ஒரு நாள் முழுக்க வெறும் நெருப்பு போட்டு, உள்ளே இருந்த பெயின்ட் எல்லாம் உரிந்து விழும்வரை எரித்தாள். அப்புறம் தேய்த்துக் கழுவித் தேங்காய் எண்ணெய் பூசினாள்.

வேலை சுத்தமாக வந்திருந்தது. தனக்கே அவள் அதை ஒத்துக்கொண்டாள்.

வீட்டில் பக்கத்து வீட்டுக்காரியை உட்காரவைத்துவிட்டு, டிரம்மைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐஸ் பேக்டரிக்குப் போனாள். கூடவே ஒரு சூரை மீன். சீமைக்கருவேலங்கரி ஒரு மூட்டை. புகைக்குக் கொய்யாக் கட்டை. அன்று காலையில்தான் கொல்லையில் வெட்டியது.

பச்சைக் கட்டை. புகை வெள்ளையாக, மூட்டை மூட்டையாக வந்தது. ஜெயசீலிக்குச் சந்தோஷம். புகை அடுப்பு என்றால் புகை வர வேண்டும்தானே. இன்னும் இரண்டு கட்டையைப் போட்டாள். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வேறு பக்கம் போனார்கள்.

மீன் கறுப்பாக வெளியே வந்தது. அவள் ஒரு துண்டு வாயில் போட்டாள். கசந்தது. தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்றது.

சாமி தன் பங்கை முழுவதும் சாப்பிட்டார். முள்ளைக்கூடச் சப்பினார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எப்படிச் சாமி?"

"புகை நல்லா இருந்துச்சு. மீன் எப்ப வரும்?"

*

அவள் டிரம்மை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய் யோசித்தாள். ஓட்டை அதிகம். காற்று நினைத்த இடத்தில் எல்லாம் புகுந்தது. கட்டையோ ஈரம், புகை மேலே போக வழியும் இல்லை. நெருப்பு மூச்சு முட்டிப் புகைந்திருக்கிறது, எரியவில்லை.

மூன்று ஓட்டையை மட்டும் விட்டு மற்றதை எல்லாம் தகடு வைத்து அடைத்தாள். அந்த மூன்றுக்கும் இழுத்து மூட ஒரு தள்ளுதகடு. மூடியில் ஒரு புகைபோக்கி வைக்க வேண்டும். அதற்கு ஓட்டை போட, இரும்பு அறுக்கும் கிரைண்டரைக் கையில் எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றாள்.

இந்தக் கிரைண்டரை அவள் கடைசியாக எடுத்தது ரெஜினா வந்த முதல் வாரம். ஒரு நாள் காலையில் ரெஜினா அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்குக் கதவைத் தட்டினாள் ஜெயசீலி. பதில் இல்லை. பதினொரு மணிக்குத் தட்டினாள். பிறகு கத்தினாள். பிறகு கிரைண்டரைக் கொண்டுவந்து, கதவிடுக்கில் விட்டுத் தாழ்ப்பாளை அறுத்தாள்.

ரெஜினா தூங்கிக்கொண்டிருந்தாள். சேவியர் போன பிறகு முதல்முறையாக அசந்து தூங்கியிருக்கிறாள். தெறித்த பொறியில் திடுக்கிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"தூங்கவும் விட மாட்டியா?" என்று கேட்டாள்.

அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. அந்தக் கதவில் ஜெயசீலி மறுபடி தாழ்ப்பாள் வைக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதைத் திறந்து பார்த்தாள். ராத்திரியிலும் பார்த்தாள். தட்டில் எத்தனை கவளம் குறைந்திருக்கிறது என்று பார்த்தாள். தலையணை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். எல்லாம் பாசம்தான். அதில் ஒரு சந்தேகமும் கிடையாது.

கிரைண்டரை ஓட்டினாள். புகைபோக்கி வைத்து முடித்தாள்.

*

இந்த முறை ஆட்டுத்தொடை. சாமி கேட்டிருந்தார்.

காய்ந்த கட்டை. பேக்கரிக்காரர் ஒருவர் பழைய அடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த வெப்பமானியை மூடியில் பதித்திருந்தாள். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வெள்ளைப் புகை அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய நீலப் புகை வந்தது. தொடையை உள்ளே வைத்து மூடினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தாள். கறி அப்படியே இருந்தது.

மூடினாள். வீட்டுக்குப் போன் போட்டாள். ரெஜினா என்ன செய்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள். படுத்திருக்கிறாள் என்று பதில் வந்தது. எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறாள் என்று கேட்டாள்.

மூடியைத் திறந்து பார்த்தாள். திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்து கரி குப்பென்று எரிந்தது. அவசரமாக மூடினாள். முள் இறங்கிப்போயிருந்தது. அது ஏறுகிறதா என்று பார்த்து நின்றாள். ஏறுவதற்குள் மறுபடி திறந்தாள். மறுபடி போன் போட்டாள்.

சாயங்காலம் தொடை வெளியே கருகியும் உள்ளே பச்சையாகவும் வந்தது.

சாமி மேலே மொறுமொறுவென்று இருந்ததை மட்டும் பிய்த்துத் தின்றார். மிச்சத்தைக் குழம்பு வைத்துவிடலாம் என்றார்.

ஜெயசீலிக்கு அழுகை வந்தது. அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கேயோ கசிகிறது, அதுதான் சூடு நிற்கவில்லை என்றாள். ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து மூடியைச் சுற்றிக் காட்டினாள். ஒவ்வொரு இணைப்பிலும் காட்டினாள். ஊதுபத்திப் புகை எங்கேயும் வளையாமல் நேராக மேலே போனது.

"ஒரு இடத்துலயும் கசியல சாமி."

"இல்லக்கா, ஒரு இடத்துல கசியுது."

"எங்க?"

சாமி குழம்புக்கு வெங்காயம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டார்.

*

மூன்றாவது முறை அவள் வந்த நாளில் வெயில் இதமாக இருந்தது. கடல் காற்று அடித்தது. நெருப்பு போட்டு, வெள்ளைப் புகை போகக் காத்திருந்து, தொடையை வைத்து மூடினாள்.

சாமி ஒரு பாயைக் கொண்டுவந்து டிரம்முக்குப் பக்கத்தில் நிழலில் விரித்துப் படுத்தார்.

"தூக்கம் வர மாட்டேங்குக்கா. ஏதாவது சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"உங்க தங்கச்சியப் பத்தி."

அதற்குத்தானே அவள் முதலில் வந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். காலையில் ஒரு இட்லி தின்கிறாள், சில நாள் அதுவும் இல்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுகிறாள். மீன் தொடுவதில்லை. காப்பி மட்டும் குடிக்கிறாள்.

"அது அவ தட்டு," என்றார் சாமி, கண்ணைத் திறக்காமல். "அவளப் பத்திச் சொல்லுங்க."

ஜெயசீலி கடலைப் பார்த்தாள். தங்கையைப் பற்றி நினைத்தால் தட்டும் தலையணையும் கதவும்தான் நினைவுக்கு வந்தன.

பிறகு, விசில் அடிப்பாள், என்றாள்.

சின்னப் பிள்ளையிலேயே அடிப்பாள். இரண்டு விரலை வாயில் வைத்து, ஆம்பிளைப் பிள்ளைகளைவிடச் சத்தமாக. பூசை நேரத்தில் அடித்துவிட்டு என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். அம்மா இல்லாத பிள்ளை என்று ஃபாதரும் விட்டுவிடுவார். தலை பின்னிவிட நேரமாகிறது என்று, ஒன்பது வயதில் தானே கத்தரியை எடுத்துச் சடையை அறுத்துக்கொண்டாள். அறுத்த சடையை என் கையில் கொடுத்து, இனிமேல் நீ காலையில் கொஞ்ச நேரம் தூங்கலாம் என்றாள்.

சொல்லும்போதே ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சடையை வெகுநாள் பெட்டியில் வைத்திருந்ததையும் சொன்னாள்.

சேவியரைக் கட்டியதுகூட விசிலால்தான். துறைமுகத்துக்கு வெளியே பஸ்சுக்கு நிற்பாள். உயரத்தில் கிரேனில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று சும்மா ஒரு விசில் அடித்தாள். அவன் பதிலுக்கு ஹாரன் அடித்தான். அடுத்த நாளும் அடித்தாள். அவனும் அடித்தான். மூஞ்சிகூடத் தெரியாது, அத்தனை உயரம். ஆள் கீழே இறங்கி வந்தபோது, இவ்வளவு குள்ளமா என்று இவள் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவன் பெண் கேட்டு வந்தான்.

சாமியிடமிருந்து குறட்டை வந்தது.

ஜெயசீலி நிறுத்தவில்லை. கல்யாணத்துக்கு மழை பெய்ததைச் சொன்னாள். பிள்ளை இல்லை என்று மற்றவர்கள் வருத்தப்பட்டபோது, எங்களுக்கு நேரம் போதவில்லை என்று ரெஜினா சொன்னதைச் சொன்னாள். தான் வேலையில் சேர்ந்த புதிதில், பொம்பளை என்ன வெல்டிங் சொல்லித்தரப் போகிறாள் என்று யாரோ சொன்னதற்கு, ஒன்பது வயதுப் பிள்ளை அந்த ஆளின் சைக்கிள் காற்றைப் பிடுங்கிவிட்டு வந்ததைச் சொன்னாள்.

நிழல் நகர்ந்து அவள் கால் மேல் வெயில் விழுந்தது. அப்போதுதான் பைக்குள் போன் இருப்பது நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து அதை அவள் எடுக்கவே இல்லை.

சட்டென்று எழுந்தாள். போனை எடுக்கப் போன கை, என்ன நினைத்ததோ, மூடியின் கைப்பிடிக்குப் போனது.

உள்ளே கொழுப்பு சொட்டும் சத்தம் கேட்டது. சொட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு சொட்டு. புகைபோக்கியில் புகை இருப்பதே தெரியவில்லை. வாசனை மட்டும் இருந்தது. முள் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் பார்க்காத நேரம் முழுவதும் அது அங்கேதான் நின்றிருக்கிறது.

கைப்பிடியில் இருந்த கையை அவள் பார்த்தாள்.

எடுத்துக்கொண்டாள்.

பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தூங்குகிற மனுஷனிடம், விட்ட இடத்திலிருந்து கதையைச் சொன்னாள்.

*

பொழுது சாயும் முன் சாமியின் மூக்கு முதலில் விழித்தது. அப்புறம் கண் விழித்தார்.

"ஆயிருச்சுக்கா. திறங்க."

தொடை கருப்பட்டி நிறத்தில் இருந்தது. எலும்பைப் பிடித்து இழுத்தாள். எலும்பு மட்டும் தனியாகக் கையோடு வந்தது.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஜெயசீலி விரலைச் சூப்பினாள். பசி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்திருந்தது. சாமி மூன்றாவது முறை வாங்கிக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

கிளம்பும்போது சாமி ஒரு வாழையிலையில் நல்ல துண்டுகளாகப் பார்த்து வைத்துக் கட்டிக்கொடுத்தார். உங்கள் தங்கைக்கு என்றார்.

"அவ சாப்பிடலன்னா?"

"நாளைக்கு நான் வந்து சாப்பிடுதேன்."

*

பக்கத்து வீட்டுக்காரி முன்னறையில் நாற்காலியிலேயே தூங்கியிருந்தாள். இன்றைக்கு நீங்கள் போனே பண்ணவில்லையே, அதனால் கண்ணயர்ந்துவிட்டேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து போனாள்.

ஜெயசீலி பொட்டலத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ரெஜினாவைக் கூப்பிடவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. குளிக்கப் போனாள். தலை எல்லாம் புகை. நிதானமாகத் தேய்த்துக் குளித்தாள்.

வந்து பார்த்தபோது இலை பிரிந்திருந்தது. ஓரத்தில் இருந்த இரண்டு துண்டு காணவில்லை. தண்ணீர்ச் செம்பு இடம் மாறியிருந்தது.

நல்லா இருந்துச்சா, இன்னும் கொஞ்சம் தின்னேன், சோறு போடட்டா என்று இத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கப் போனாள். அன்று ராத்திரி அவள் எழுந்திருக்கவில்லை.

காலையில் கடை திறந்ததும் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். ரெஜினாவின் அறைக்கதவைப் பாதி திறந்துவைத்து, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, பழைய ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தாள். புதிய தாழ்ப்பாளைக் கதவில் வைத்துப் பென்சிலால் குறித்தாள். முதல் திருகாணியை வைத்துத் திருப்புளியால் திருகத் தொடங்கினாள்.

கட்டில் சத்தம் கேட்டது. காலடி கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன பண்ணுத?"

ஒரு வருஷமாகப் பேசாத குரல் கரகரவென்று இருந்தது. ஜெயசீலி திருகாணியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தாப்பா போடுதேன்."

ரெஜினா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

ரெஜினா குனிந்து, அக்காவின் கையிலிருந்து திருப்புளியை வாங்கிக்கொண்டாள்.

"தள்ளு," என்றாள். "நானே போட்டுக்கிடுதேன்."